சோலாருக்குக் குளியல்

மத்தியான பஸ்ஸில், மரக்காணத்தில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். சின்னவளுக்குக் கால் முழுக்க உப்பு அரித்த வெடிப்பு. அவள்தான் ஆரம்பித்தாள்.

"தினமும் காலையில சோலாரைக் குளிப்பாட்டுறதுதான்க்கா இப்ப என் வேலை."

"அது என்னா கைக்கொழந்தையா, குளிப்பாட்டுறதுக்கு?"

"உப்பளத்துல தண்ணி இறைக்கிற டீசல் இன்ஜினை எடுத்துட்டு சோலார் மோட்டார் போட்டுட்டாங்க. கடல் காத்துல பேனல் மேல உப்பு வெள்ளையா படிஞ்சிடுது. கழுவலைன்னா மோட்டார் ஓட மாட்டேங்குது."

"கழுவேன். நாள் பூரா தண்ணியிலதானே நிக்கிற?"

"அது உப்புத்தண்ணிக்கா. பேனலுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணுமாம். கூனிமேட்டுலேர்ந்து டிராக்டர்ல டேங்கர் வருது."

"டிராக்டர் எதுல ஓடுது?"

"டீசல்லதான்."

"அதுக்குப் பழைய இன்ஜினே இருந்திருக்கலாமேடி!"

"புகை குறைஞ்சுதான்னு பார்க்க வந்த சாரை நானும் கேட்டேன். 'உப்பளத்துக்குள்ள புகை இருக்குதான்னுதான் எழுதணும்மா, ரோட்டுல வர்றதை எழுத ஃபாரத்துல இடம் இல்ல'ன்னு சொல்லிட்டாரு."

"சரி, நல்ல தண்ணியாவது வருது. நீங்க குடிச்சுக்கலாம்."

"அதுல கை வெச்சா மேஸ்திரி கத்துவாரு. பேனலுக்குன்னு வந்த தண்ணியாம்." மடியில் இருந்த காலி பாட்டிலைக் காட்டினாள். "எங்களுக்குக் குடிக்க வீட்டுலேர்ந்துதான்."

பெரியவள் பாட்டிலை வாங்கிக் குலுக்கிப் பார்த்தாள். சின்னவள் சொன்னாள்.

"ஆனா பேனலுக்கு அடியில காலை நீட்டிக்கிட்டுத்தான் கழுவுவேன். வழியிற தண்ணிக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."