கண்ணாடியப் பாத்துட்டுத்தான் திறப்பாரு

மணிக்கட்டுல இருக்கற கட்டா? இது ஒண்ணுமில்ல தம்பி, கண்டுக்காதீங்க. தினமும் வண்டியில ஏறினதும் பிரிச்சுப் பைக்குள்ள வெக்கிறேன், இறங்கறப்ப மறுபடி சுத்திக்கிறேன், நீங்களும் பாத்தும் பாக்காத மாதிரி இருந்தீங்க. இன்னிக்குக் கடைசி டிரைவிங் வகுப்புன்னதும் கேட்டுட்டீங்க. சொல்றேன், சொல்லாம எங்க போறேன். கை நல்லாத்தான் இருக்கு, ஸ்டியரிங்கப் பிடிக்க ஒரு குறையும் இல்ல, நீங்க பயப்படாதீங்க. முதல்ல இந்த இஞ்சின அணைச்சுக்கறேன். சும்மா ஓடிக்கிட்டிருந்தா யாரையோ வாசல்ல காக்க வெச்சிருக்கற மாதிரி இருக்கு எனக்கு.

நாளன்னிக்கு டெஸ்ட்ல நான் பாஸாகியே ஆகணும். போன டெஸ்ட்ல நான் அடிச்ச கூத்த அந்த ஆபீசர் இந்நேரம் அவர் சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லி முடிச்சிருப்பாரு. நீங்க பின்சீட்டுல இருந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க. சிவப்பு விழுந்துச்சு, வண்டி கோட்டுக்கு முன்னாடி அழகா நின்னுச்சு, எல்லாம் சரி. அப்புறம் எதுக்கு நான் கதவத் திறந்து ஒரு கால ரோட்டுல ஊணினேன்? சத்தியமா எனக்கே தெரியாது. முப்பது வருஷமா சிவப்பு விழுந்தா கால் தானாக் கீழ போகுது, அது என்ன வண்டின்னு கால் பாக்கறதில்ல. அந்த ஆபீசர் என் காலையே பாத்தாரு. இறங்கப் போறீங்களாம்மான்னு கேட்டாரு. இல்ல சார், நிக்கறேன்னு சொன்னேன். அதுவும் கண்ணாடியப் பாக்காம கதவத் திறந்திருக்கேன் பாருங்க, நானு. வேற யாராவது அப்படிப் பண்ணியிருந்தா அவங்க ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பேன்.

சிரிங்க சிரிங்க, பரவாயில்ல. திரும்பறப்ப உடம்பச் சாய்க்கறேன், உங்க தோள்ல வந்து விழறேன். ஆரன் நடுவுல இருக்குன்னு தெரியும், கட்டவிரல் மட்டும் ஓரத்துல பெல்லத் தேடுது. மேடு வந்தா எந்திரிச்சு நின்னு மிதிக்கணும்னு தோணுது. போன வாரம் ஒரு மேட்டுல லேசா எந்திரிச்சும் இருக்கேன், நீங்க கவனிக்கல, நானும் சொல்லல.

சைக்கிள்காரிதானே நான். எங்க வேலையே அது. பல் டாக்டருங்க எடுக்கற வாய் அச்ச எங்க லேபுக்கு வாங்கிட்டு வரணும், லேபுல செஞ்ச பல் செட்டத் திருப்பி அந்தந்தக் கிளினிக்குல கொண்டுபோய்க் குடுக்கணும். என் கூடையில எப்பவும் யாரோட பல்லாவது சிரிச்சுக்கிட்டுத்தான் போகும். நான்தான் மொறைச்சுக்கிட்டுப் போவேன். ஏன்னா எனக்குக் கார்க்காரங்கன்னா ஆகாது தம்பி. உங்களச் சொல்லல. என்ன மாதிரி ஆளப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நீங்க எங்க வேகமாப் போயிடப் போறீங்க.

அவங்கள்லதான் எத்தனை ரகம். முந்திட்டு, முந்தின கையோட என் முன்னாலயே திரும்புவான் ஒருத்தன். ஒரு நொடி என் பின்னால வந்தா அவன் கௌரவம் கப்பலேறிடும். சைக்கிள் பாதையில கார நிறுத்திட்டு, ரெண்டே நிமிஷம்னு விரலக் காட்டுவான் ஒருத்தன். அவனோட ரெண்டு நிமிஷத்துல எங்க லேபுல மேல் வரிசை முழுக்கச் செஞ்சு பாலிஷும் போட்டுடுவாங்க. தேங்கின மழைத் தண்ணிய வாரி என் மேல அடிச்சுட்டு, அவசரமாக் கண்ணாடிய ஏத்திப்பாங்க ஒரு அம்மா. நான் நனைஞ்சது அவங்களுக்கு ஒட்டிக்குமாம்.

நானும் லேசுல விடமாட்டேன். விடமாட்டேன்னா, வீட்டுக்கு வந்தப்புறம் விடமாட்டேன். ரோட்டுல வாயே வராது. ஏய்னு ஒரு சத்தம் வரும், அதுவும் பாதியிலயே நின்னுடும். அடுப்படியில பாத்திரம் கழுவறப்பதான் ஒண்ணொண்ணா வரும் பாருங்க பதிலு, அப்படி ஒரு பதிலு. கேக்க ஆளிருக்காது. பாவம், அந்தக் கடாய்தான் எல்லாத்தையும் வாங்கிக்கும்.

ஒரு தடவ துணிஞ்சேன். ஒருத்தர் என்ன இடிக்கற மாதிரி உரசிட்டுப் போனாரு, எனக்கு வந்துச்சு பாருங்க ரோஷம், மூணு சிக்னல் துரத்திட்டுப் போனேன். மூணாவது சிக்னல்ல பிடிச்சுட்டேன். கண்ணாடியத் தட்டினேன். இறக்கினாரு. அங்கதான் கோட்ட விட்டேன். மூச்சு வாங்குது, ஒரு வார்த்தை வெளிய வரல. விரல நீட்டறேன், வாயத் திறக்கறேன், ஹா ஹான்னு காத்துதான் வருது. அந்த மனுஷன் பயந்துபோயி, என்னம்மா பண்ணுது உங்களுக்குன்னு தண்ணி பாட்டில எடுத்து நீட்டினாரு. நானும் வாங்கிக் குடிச்சேன். குடிச்சுட்டு நன்றின்னும் சொல்லித் தொலைச்சேன்.

இல்ல இல்ல, பேசி நேரத்தக் கடத்தல. சரி, கொஞ்சம் கடத்தறேன்னே வெச்சுக்கோங்க. ஆனா சொல்ல வந்தது வேற. அந்த ரகத்துலயே மோசமான ரகம் எது தெரியுமா? நிறுத்தின கார்லேருந்து பின்னால பாக்காமக் கதவத் திறக்கறவன். மத்தவங்களாவது ஓடிக்கிட்டிருக்காங்க, ஒதுங்கிக்கலாம். இவன் சிவனேன்னு உக்காந்திருப்பான், திடீர்னு ரோட்டுக்கு நடுவுல ஒரு சுவர எழுப்பிடுவான்.

அப்படி ஒருத்தனத்தான் நான் கட்டிக்கிட்டேன்.

நெஜமாத்தான். அப்ப லேபுல சேர்ந்த புதுசு. கூடையில நாலஞ்சு டப்பா. தெருவோரமா ஒரு வேன், பாட்டுக் கேட்டுக்கிட்டு உள்ள ஒருத்தர். பக்கத்துல போறேன், படார்னு கதவு. நான் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம், டப்பாவெல்லாம் தொறந்து பல் செட்டு தெரு முழுக்க. அந்தாளு இறங்கி ஓடி வந்தாரு. முழங்கால் தேஞ்சு நான் உக்காந்திருக்கேன், அவரு என்னப் பாக்காம வேனுக்கு அடியில புகுந்து ஒவ்வொரு பல் செட்டா எடுத்து, கைக்குட்டையால தொடச்சு, ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு வந்து நிக்கறாரு. முகமெல்லாம் வெளுத்துப்போச்சு. மெதுவாக் கேக்கறாரு, இதெல்லாம் உங்களோடதான்னு.

எனக்குன்னு சொந்தப் பல் முப்பத்திரண்டும் இருந்த வயசு தம்பி. வாயத் திறந்து காட்டினேன். திட்டறதுக்குத்தான் திறந்தேன், சிரிப்பு வந்துடுச்சு. அதோட முடிஞ்சது என் கதை.

அவரு ஓட்டறது சலவை வேன். ஓட்டலுங்கள்ல அழுக்குப் படுக்கை விரிப்பெல்லாம் எடுத்துட்டுப் போயி, வெளுத்ததத் திருப்பிக் கொண்டுவந்து போடறது. சொந்த வேன். அந்த வேன்லதான் எங்க குடும்பமே ஓடுச்சு, பொண்ணு படிச்சதும் அதுலதான். அன்னிக்கு அந்தக் கதவுக்கு அப்புறம் அந்த மனுஷன் பின்னால பாக்காம ஒரு கதவத் திறந்ததில்ல. இஞ்சின அணைப்பாரு, சைடு கண்ணாடியப் பாப்பாரு, அப்புறம் தலையத் திருப்பியும் ஒரு தடவ பாப்பாரு, அப்புறந்தான் கைப்பிடியில கை போகும். எங்க வீட்டு வாசல்ல நிறுத்தினாலும் அப்படித்தான், ஒரு ஈ காக்கா இல்லாட்டியும் அப்படித்தான். நீங்க பீரோவத் திறக்கறதுக்கு முன்னாடியும் திரும்பிப் பாப்பீங்கன்னு கேலி பண்ணுவேன். ஊர்ல இருக்கற அத்தனை டிரைவரையும் கரிச்சுக் கொட்டுவேன், இவர ஒருத்தரத் தவிர.

வர்றேன், கட்டுக்கு வர்றேன். போன மாசம் மறுபடி ஒரு கதவு. எங்க லேபு வாசல்லயே. மணிக்கட்டு பிசகிடுச்சு, கட்டுப் போட்டாங்க. ஒரு வாரத்துல சரியாப்போச்சு, டாக்டரே பிரிச்சு விட்டுட்டாரு. பிரிச்சத வாங்கிப் பைக்குள்ள போட்டுக்கிட்டு, படியிறங்கி வந்து நானே மறுபடி சுத்திக்கிட்டேன். எனக்கு இந்தக் கைய வெச்சுக்கிட்டு ஒண்ணும் முடியல, நீங்க கொஞ்ச நாள் வீட்டுல இருங்கன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன். வேன என் கூடப்பொறந்த தம்பி ஓட்டறான். அவன் பெயிண்ட் அடிக்கறவன், அவன் வேலையெல்லாம் அப்படியே நிக்குது, தினமும் ஒரு பாட்டம் திட்டிட்டுத்தான் சாவிய எடுக்கறான். இந்த வாரத்தோட சரி, அதுக்கு மேல என்னால ஆகாதுன்னு சொல்லிட்டான்.

வீட்டுல இவருதான் சமையலு, இவருதான் எனக்குத் தலை வாரி விடறது. நான் மகாராணி மாதிரி உக்காந்திருக்கேன். இங்க வர்றதா? பிசியோதெரபிக்குப் போறேன்னு சொல்லிட்டு வர்றேன். நீங்கதான் அந்த பிசியோதெரபிஸ்ட்டு. கோவிச்சுக்காதீங்க, நல்ல கைராசிக்காரர்னு சொல்லி வெச்சிருக்கேன். இன்னிக்கு என்ன பயிற்சி குடுத்தாங்கன்னு தினமும் கேப்பாரு. எனக்கென்ன தெரியும் பிசியோதெரபி? இங்க கியர் மாத்தறப்ப என்ன பண்ணினேனோ அதத்தான் அங்க பண்ணிக் காட்டுவேன். முன்னால தள்ளு, பின்னால இழு, ஓரமாத் தள்ளி முன்னால போ. நேத்து என் மணிக்கட்டத் தைலம் தேய்க்கறதுக்காகப் பிடிச்சுக்கிட்டே இருந்தாரு, நான் பாட்டுக்குப் பயிற்சி பண்ணிக்கிட்டிருந்தேன்.  அப்புறம் சொல்றாரு, மூணாவதுக்குப் போறப்ப இவ்வளவு இறுக்காத, விட்டாத் தானாப் போய் விழும்னு.

நான் காதுல விழாத மாதிரி இருந்துட்டேன்.  அவரு தைலம் எடுக்கறதுக்கு மேசை மேல கையால தடவித் தடவித் தேடினாரு. அது அவர் எதுக்கதான் இருந்துச்சு.

எதுக்கு இவ்வளவு நாடகம்னுதானே கேக்கறீங்க. நேராச் சொல்லியிருக்கலாம்தான். சொல்ல வரல தம்பி. ரோட்டுலதான் வாய் வராதுன்னு நினைச்சேன், வீட்டுலயும் வரல.

அந்தக் கதவா? அது யார் காருன்னா... காரு இல்ல. எங்க வேன்தான். எனக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டு வந்து, லேபு வாசல்ல நிறுத்திட்டு உக்காந்திருந்தாரு. நான் பின்னாலேருந்து வர்றேன். நல்ல வெயிலு. சைடு கண்ணாடியில அவர் முகம் தெரியுது, என்னப் பாக்கறாரு. பாக்கறாரேன்னு நான் பெல்லு கூட அடிக்கல, சிரிச்சேன். அப்புறம் பழக்கப்படி தலையத் திருப்பியும் பாத்தாரு. என் முகத்த நேராப் பாத்தாரு தம்பி. பாத்துட்டு, கதவத் திறந்தாரு.

ஓடி வந்து என்னத் தூக்கறாரு. பாத்துட்டுத்தானே திறந்தேன், பாத்துட்டுத்தானே திறந்தேன்னு அதையே சொல்றாரு. அவர் பாத்தாருன்னு எனக்குத் தெரியாதா. அதுதானே எனக்குப் பயம். நான்தான் கண்ணு மண்ணு தெரியாம வேகமா வந்துட்டேன், தப்பு என் மேலதான்னு சொன்னேன். இத்தனை வருஷத்துல ஒரு டிரைவர்கிட்ட தப்பு என்னோடதுன்னு நான் சொன்னது அது ஒண்ணுதான். அவரும் நம்பிட்டாரு. இல்ல, நம்பின மாதிரி இருந்துட்டாரு.

கண் டாக்டர்கிட்ட நேரம் வாங்கி வெச்சிருக்கேன், டெஸ்டுக்கு மறுநாள். அன்னிக்குச் சொல்லிடுவேன். சாவியக் குடுங்கன்னு கேட்டுடுவேன். ஆனா கேட்டா, யார்கிட்ட குடுக்கறதுன்னு அவரு கேப்பாருல்ல? அவர் வாழ்க்கையே அந்தச் சாவிதான். அதக் கேக்கறப்ப என் கையில ஒரு பதிலாவது இருக்க வேணாமா? சின்ன வேன் இந்த லைசென்ஸ்லயே ஓட்டலாம்னு நீங்கதானே சொன்னீங்க. நான் ஓட்டுவேன், அவரு பக்கத்துல உக்காந்துக்கிட்டு, இறுக்காத, கீழ பாக்காதன்னு என்னத் திட்டிக்கிட்டே வரட்டும். அந்தத் திட்டுக்குத்தான் தம்பி நான் இவ்வளவு பாடு படறேன்.

இல்ல, அழல. இங்க ஒரே தூசி. சரி, போட்டுட்டேன் இஞ்சின. கால் ரெண்டும் உள்ளதான் இருக்கு, பாத்துக்கோங்க. கண்ணாடியும் பாத்தாச்சு, தலையத் திருப்பியும் பாத்தாச்சு. போலாமா... கொஞ்சம் இருங்க. பின்னால சைக்கிள்ல ஒரு பொண்ணு வருது. அது என்ன மொறைக்குது பாருங்க. மொறைக்கட்டும், பாவம். அது போயிடட்டும், அப்புறம் எடுக்கறேன்.