வடக்கே ரெண்டு பேர்

வேணாங்க, அந்த மூட்டைக் கயித்துல கை வைக்காதீங்க. தளர்ந்து போச்சுன்னு நெனச்சீங்களா? தளர்வாத்தான் கட்டியிருக்கேன். கப்பல்ல ஏறினதும் அவுத்து உள்ள இருக்கிற ஸ்வெட்டர எடுக்கணும், மகாராணிக்குக் குளிரும். எந்த மகாராணியா? அதோ, சாசேஜ் விக்கிற வண்டி முன்னால ஒசரமா ஒருத்தி நிக்கிறா பாருங்க, ஹெல்மெட்ட முட்டைக்கூடை மாதிரி கையில மாட்டிக்கிட்டு. அவதான். தீரா. பதினஞ்சு வயசு. காலைல வீட்டுல ரொட்டி எடுத்து வச்சேன், பசிக்கலன்னா. இந்த ஹிர்ட்ஸ்ஹால்ஸ் துறைமுகத்துக்குள்ள வண்டி நுழைஞ்சதும் பசி வந்துடுச்சு.

ஆமா, நார்வேக்குத்தான். இந்த வரிசையில நிக்கிற எல்லாரும் நார்வேக்குத்தானே போறீங்க. நாங்க இன்னும் கொஞ்சம் மேல. கப்பல்ல இருந்து எறங்கி, மலையெல்லாம் தாண்டி, வடக்கே பூடோங்கிற ஊர் வரைக்கும். இந்தப் பைக்கிலயான்னு நீங்க வாய்விட்டுக் கேக்கல, கண்ணு கேட்டுடுச்சு. வயசான வண்டிதான். உங்களோடது மாதிரி முன்னாடி ஒரு கேமரா, பின்னாடி ஒரு கேமரா எல்லாம் கெடையாது. எதுக்குங்க பின்னாடி கேமரா? வந்த வழி மறந்துடுமா? கோவிச்சுக்காதீங்க, என் வாய் அப்படி. ராண்டர்ஸ்ல நாய்க்கு முடி வெட்டுற கடை வச்சிருக்கேன். நாள் பூரா நாய்ங்களோட பேசறேன், அதுங்க எதுக்கும் கோவிச்சுக்காது. என் பேரு லோனே.

இந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டது நான் இல்ல. டோர்பென். என் வீட்டுக்காரன். சரி, வீட்டுக்காரனா இருந்தவன். அவன் திட்டம் போட்ட அழக நீங்க பாத்திருக்கணும். வருஷக்கணக்கா போட்டான். சமையலறைச் சொவர் முழுக்க நார்வே வரைபடம், அதுல கலர் கலரா ஊசி. சாப்பாட்டு மேசையில உக்காந்தா மலைக்கு நடுவுல கடல் நுழையற ஃபியர்டுதான், மலைக்கணவாய்தான், கலைமான்தான். வண்டிய வெளிய எடுத்து ஓட்டினானான்னு மட்டும் கேக்காதீங்க. சாமான் வாங்கினான். அது நல்லா வரும் அவனுக்கு. மடக்குற நாற்காலி, மடக்குற கோடாலி, மடக்குற வாளி. ஒருநாள் தண்ணி வடிகட்டுற குழாய் ஒண்ணு வாங்கிட்டு வந்தான். ஆப்பிரிக்காப் பாலைவனத்துக்குப் போறவன் வாங்கறதுங்க அது. நார்வேல எந்த ஓடையில குனிஞ்சு குடிச்சாலும் நம்ம ஊர்க் குழாய்த்தண்ணிய விட நல்லா இருக்கும். கேட்டா, முன்னேற்பாடு லோனே, முன்னேற்பாடுன்னான்.

தீராவுக்குப் பன்னெண்டு வயசுல ஒரு ஜாக்கெட் வாங்கினான். நல்ல ஜாக்கெட்டுதான், குறை சொல்லக்கூடாது. தோள்ல, முழங்கையில, முதுகுல எல்லாம் விழுந்தா அடிபடாம இருக்க அட்டை வச்சது. அடுத்த கோடையில போறோம்னான். அந்தக் கோடையில மழை. அதுக்கடுத்த கோடையில முதுகுவலி. இவ வளர்ந்துக்கிட்டே போறா, ஜாக்கெட்டுக் கை முழங்கைக்கு ஏறுது. கடைசில சொவத்துல ஊசி இருந்துச்சு, வரைபடம் இருந்துச்சு, அவன் இல்ல. வடக்கே மீன் பண்ணையில வேலைன்னு போயிட்டான். தன் வண்டிய வித்துட்டுத்தான் போனான். கோடாலிய விட்டுட்டுப் போனான்.

ம், நீங்க சொல்றது சரி. அவன் அங்கதான் இருக்கான், பூடோவுக்குப் பக்கத்துல. அப்பாவப் பாக்கத்தான் போறா. விமானத்துல போயிருக்கலாமேன்னுதானே கேக்கறீங்க? எல்லாரும் அதையேதான் கேட்டாங்க. காலைல ஏறினா மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்க இருக்கலாம், எனக்கும் தெரியும்.

எங்க ஊர்ல பைக்காரங்க சங்கம் ஒண்ணு இருக்கு, டோர்பென் அதுல பெரிய ஆளா இருந்தவன். விஷயம் தெரிஞ்சு அதுல இருந்து மூணு பேரு வீட்டுக்கே வந்துட்டாங்க. வாசல்ல என் வண்டியச் சுத்தி நின்னு, பொணத்தச் சுத்தி நிக்கிற மாதிரி தலைய ஆட்டறாங்க. ஒருத்தன் டயர உதைச்சுப் பாக்கறான். ஒருத்தன், பின்னால ஒரு ஆளோட மலையில எறங்கறது உனக்குப் பழக்கமில்லையே லோனேன்னு இழுக்கறான். மூணாவது ஆளு ரயில்ல போற யோசனை உண்டான்னு மரியாதையா கேட்டாரு. என் காப்பியக் குடிச்சுக்கிட்டே கேக்கறாங்க. இந்தச் சங்கம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பக்கத்துல இருக்கிற எபெல்டொஃப்ட் வரைக்கும் போகும், அங்க ஐஸ்கிரீம் தின்னும், திரும்பி வரும். அதுக்குத் தோல் பேண்ட்டு, தோல் ஜாக்கெட்டு, முதுகுல கழுகு. நான் இருபது வருஷமா மழையிலயும் பனியிலயும் இதே வண்டியிலதான் கடைக்குப் போறேன். சில நாள் பின்னால பெட்டிக்குள்ள நாயும் வரும். அது கணக்கே இல்ல அவங்களுக்கு.

ஆனா உங்ககிட்ட ஒண்ணு ஒத்துக்கறேன். நாய் வேற, பதினஞ்சு வயசு வேற. நாய் வளைவுல நம்மகூட சாயும். இவ சாய மாட்டா. மே மாசம் முதமொத பழகறதுக்குக் கூட்டிட்டுப் போனேன். நல்ல வெயிலு, ரெண்டு பக்கமும் கடுகு வயல் மஞ்சளாப் பூத்துக் கெடக்கு. முதல் வளைவுல நான் எடதுபக்கம் சாயறேன், இவ பயந்துகிட்டு வலதுபக்கம் சாயறா. வண்டி எந்தப் பக்கமும் போகாம நேரா வயலுக்குள்ள போச்சு. விழல. பூவுக்கு நடுவுல நிக்கிறோம். ஹெல்மெட்டக் கழட்டிட்டுக் கத்தினேன், மூட்டை மாதிரி உக்காருன்னேன், மூட்டை எதிர்ப்பக்கம் சாயாதுன்னேன். அதுக்கு அவ சொல்றா, மூட்டைகிட்ட நீ ஓட்டறது எப்படி இருக்குன்னு யாரும் கேட்டதில்ல லோனே.

சிரிங்க. அன்னிக்கு எனக்குச் சிரிப்பு வரல.

என்னைப் பிடிச்சுக்கவும் மாட்டா. பின்னால இருக்கிற கம்பியப் பிடிச்சுக்கிட்டு, ஏதோ எதிரி வண்டியில லிஃப்ட் கேட்டு வந்தவ மாதிரி வெறைச்சுக்கிட்டு உக்காருவா. ஹெல்மெட்டுக்குள்ள பேசிக்கிற கருவி இருக்கு பாருங்க, டோர்பென் வாங்கிப் போட்டுட்டுப் போனது, அத மாட்டிக்கிட்டோம். எனக்கு அவ மூச்சு விடறது மட்டும் கேக்கும். அப்புறம் ஒருநாள் பெருமழை. நிறுத்த எடமில்ல, லாரிங்க தண்ணிய வாரி அடிச்சுட்டுப் போகுது. அப்ப ரெண்டு கையையும் என் வயித்தச் சுத்திப் போட்டா. போட்டதும் பாட ஆரம்பிச்சா. பயத்துலதான். கண்றாவியாப் பாடுவா, சுருதியும் இல்ல ஒண்ணும் இல்ல. வீடு வந்து சேர்ற வரைக்கும் பாடினா. வண்டிய நிறுத்தினதும் கையை வெடுக்குனு எடுத்துட்டு, உனக்குத் தொப்பை போட்டுடுச்சுன்னா. அதுக்கப்புறம் அந்தக் கம்பியத் தொடல.

இல்லங்க, நான் பெத்த பொண்ணு இல்ல. பேரச் சொல்லிக் கூப்பிடறத வச்சுக் கண்டுபிடிச்சீங்களா? இங்க பெத்த அம்மாவையே பேரச் சொல்லிக் கூப்பிடற பிள்ளைங்க இருக்கு. டோர்பெனோட பொண்ணு. பெத்தவ போயிட்டப்ப இவளுக்கு மூணு வயசு. நான் அந்த வீட்டுக்குள்ள நுழையும்போது ஆறு. மொத நாளே என் செருப்புக்குள்ள தயிர ஊத்தி வச்சா. அப்படி ஒரு வரவேற்பு.

டோர்பென் போனப்ப இவள விட்டுட்டுத்தான் போனான். வீடு கெடைக்கட்டும், குளிர்காலம் முடியட்டும், கூட்டிக்கறேன்னான். குளிர்காலம் முடிஞ்சுது. இன்னொண்ணும் முடிஞ்சுது. பொறந்தநாளுக்குப் போன் பண்ணுவான், சால்மன் மீனப் பத்திப் பேசுவான். மீனுக்குப் பேன் பிடிக்குமாம், அதப் பத்தி அரை மணி நேரம். உனக்குப் பள்ளிக்கூடம் எப்படிப் போகுதுன்னு கேக்கத் தெரியல. இவ போன வச்சுட்டு நேரா மாடிக்குப் போயிடுவா. நான் கீழ இருந்து சாப்பிட வான்னு ரெண்டு தடவை கூப்பிடுவேன், அப்புறம் தட்ட எடுத்துக்கிட்டு நான் மேல போவேன்.

சரி விடுங்க. மூட்டை கட்டின கூத்தச் சொல்றேன். வண்டியில ஒரு பக்கத்துப் பெட்டி உனக்கு, ஒரு பக்கத்துப் பெட்டி எனக்குன்னேன். அவ உள்ள வச்சது முடிய நேராக்குற இரும்பு, மூணு வாசனைத் தண்ணி, கட்டிலு மேல போடற பொம்மைத் தலகாணி. கூடாரத்துக்குள்ள எந்த ராஜகுமாரன் வந்து உன் முடியப் பாக்கப் போறான்னு கேட்டேன். சண்டைக்குத் தயாரா நின்னேன். அவ சண்டையே போடல. எல்லாத்தையும் வெளிய எடுத்து வச்சுட்டா. எனக்குச் சந்தேகம் வந்து, அவ தூங்கப் போனதும் பெட்டியத் தொறந்து பாத்தா, அடியில அந்தப் பழைய ஜாக்கெட்டு. பன்னெண்டு வயசு ஜாக்கெட்டு. பாதி எடத்த அதுவே அடைச்சுக்கிட்டு இருக்கு. இப்ப அவ போட்டிருக்கிறது நான் பழசா வாங்கினது, அது வேற. காலைல கேட்டேன், இத எவடி போடறது, கலைமானுக்குப் போடப் போறியான்னு. திரும்பிக்கிட்டே சொல்றா, அவரு பாக்கட்டும்.

நான் திரும்ப மடிச்சு உள்ள வச்சேன். வேற என்ன பண்ண? அவ மழைக்கால்சட்டைய என் பெட்டிக்கு மாத்திக்கிட்டேன்.

வழியா? வழி நான் போட்டதுதான். சங்கத்துக்காரங்க பாத்துட்டு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. நேரா வடக்கே போற ரோட்ட விட்டுட்டு இதென்ன, குடிகாரன் வீட்டுக்குப் போற மாதிரி மேக்கால போய் கெழக்கால வந்துன்னு. ஒவ்வொரு ஃபியர்டுக்கும் ஒரு சின்னக் கப்பல், ஒவ்வொரு மலைக்கும் சுத்திப் போற பழைய ரோடு. மத்தியானத்துக்குள்ள நிறுத்திடுவோம், மீதி நேரம் கூடாரத்துல. இவளே கேட்டுட்டா, இப்படிப் போனா இலையுதிர்காலம் வந்துடும் லோனேன்னு. வரட்டுமே. உனக்குப் பின்பக்கம் வலிக்கும், அதுக்காகத்தான்னு சொல்லி வச்சிருக்கேன். நம்பினாளா இல்லையான்னு தெரியாது.

வரிசை நகருதா? இல்ல, அது காருங்களுக்கு. நமக்கு இன்னும் ஆகும்.

வரும்போதும் இதே வழியான்னா, இல்ல. வரும்போது நேர் ரோடுதான், சீக்கிரம் வந்துடுவேன். நல்ல வேளை கேட்டீங்க, உங்ககிட்ட ஒரு சந்தேகம். இங்க குனிஞ்சு பாருங்க, பின்சக்கரத்துக்கு மேல இருக்கிற இந்த ஸ்பிரிங். ரெண்டு பேரு எடைக்குன்னு நல்லா இறுக்கியிருக்கேன். திரும்பி வரும்போது நான் மட்டும்தான். அப்படியே விட்டா குதிக்குமா, இல்ல பூடோவுலயே தளர்த்திக்கணுமா? சங்கத்துக்காரங்ககிட்ட இத மட்டும் கேக்கல. கேட்டா அவங்க மூஞ்சிய நான் பாக்கணும்.

ஆமாங்க. விட்டுட்டு வரத்தான் போறேன். ஆகஸ்ட்ல அங்க பள்ளிக்கூடம் தொடங்குது. துணிமணி, புத்தகம், அந்த முடி இரும்பு, எல்லாம் பார்சல்ல போயாச்சு. ஈஸ்டருக்குப் போன் பண்ணினான். மீனப் பத்திப் பேசல. வீடு வாங்கிட்டேன், உனக்குன்னு ஒரு ரூம் இருக்கு, வர்றியான்னு கேட்டான். அங்க ஒருத்தியும் இருக்கா, நல்லவளாத்தான் தெரியுது. நான் இவகிட்ட சொன்னேன், போகணும்னு கட்டாயமில்ல, இது உன் வீடு, நாள் முழுக்க யோசி, மாசக்கணக்கா யோசின்னேன். உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டு இருந்தா. கத்திய வச்சுட்டு, அவரு கேட்டுட்டாரு லோனே, கடைசில கேட்டுட்டாருன்னா. மொகம் அப்படி இருந்துச்சு. அவன்கிட்ட, நானே கூட்டிட்டு வந்து விடறேன்னேன். விமான டிக்கெட் அனுப்பறேன்னான் அவன். உன் டிக்கெட்ட நீயே வச்சுக்கன்னேன்.

தளர்த்தணும்கறீங்க. எத்தனை சுத்து? சரி, அங்க போய்ப் பாத்துக்கறேன்.

இந்தா வர்றா. வாயெல்லாம் கடுகு சாஸ். அவ முன்னால இந்த ஸ்பிரிங் பேச்சு வேணாம், என்ன? ஏய் தீரா, இந்த சார் ரெண்டு கேமரா வச்சிருக்காரு, கைய உன் பேண்ட்டுல தொடைக்காத. எனக்கு ஒரு சாசேஜ் வாங்கணும்னு தோணலையா உனக்கு? எங்க. ஓ. வாங்கிட்டுத்தான் வந்திருக்கியா, சரி குடு. ஆறிப்போச்சு. பரவால்ல, ஹெல்மெட்ட மாட்டு, கேட்டத் தொறந்துட்டாங்க. நல்லா பிடிச்சுக்கோ.