நெவ் பெட்டிக்ரூவுக்குப் போன பதில்கள்

காலையில் இன்பாக்ஸை ஒழுங்குபடுத்தி வைத்தால்தான் எனக்குத் தேநீர் இறங்கும். ராத்திரி பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் படுப்பேன் என்று சிலர் இருப்பார்கள் இல்லையா, கான்ஸ்டபிள், அந்த ஜாதி நான். தபால் நிலையத்தை மூடும்வரை அங்கேதான் வேலை பார்த்தேன். எது யாருடையது, எது எந்த அறைக்குப் போகவேண்டும் என்று பிரித்துப் போட்டே கை பழகிவிட்டது.

எங்கள் பள்ளத்தாக்கைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டாலன் க்ரீக் திருப்பத்தில் உங்கள் வண்டி ரேடியோவே ஊமையாகிவிடும். கைப்பேசி அங்கே மணி பார்க்கத்தான் உதவும். சுவரில் மாட்டிய பழைய போன், கூரையில் சாட்டிலைட் தட்டு, இவ்வளவுதான் எங்களுக்கு. அதனால்தான் தனியாக இருக்கும் வயதானவர்களுக்காக ஊர் ஹாலில் கூடி ஓர் ஏற்பாடு செய்தோம். தினமும் காலை ஏழு மணிக்கு என்னிடமிருந்து அவர்களுக்கு ஒரு மெயில் தானாகவே போகும். 'இருக்கீங்களா?' என்ற ஒரே கேள்வி. அவர்கள் பதில் போடவேண்டும். பதில் வராவிட்டால் நான் போன் செய்வேன். போனையும் எடுக்காவிட்டால் காரை எடுப்பேன். அவ்வளவுதான் வேலை. எல்லோருக்கும் ஆளுக்கொரு டேப்லெட் ஊர்க் குழுவே வாங்கிக் கொடுத்தது. பதில் பொத்தானை அழுத்தி எழுதி அனுப்ப நான்தான் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தேன்.

மற்றவர்கள் 'இருக்கேன்' என்று எழுதி முடித்துவிடுவார்கள். நெவ் பெட்டிக்ரூ அப்படியில்லை. பள்ளத்தாக்கின் கோடி வீடு, எண்பத்து நாலு வயது, மனைவி ஐரிஸ் போனபிறகு கோழிகள்தான் துணை. எந்தக் கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது, எந்தப் பல் ஆடுகிறது, கல்யாணமான புதிதில் ஐரிஸ் ஆட்டுக்கறியை எப்படிக் கருக்கினாள் என்று பக்கம் பக்கமாக எழுதுவார். எழுதி முடிக்கும் இடத்தில் தவறாமல் ஒரு கேள்வி இருக்கும். 'நீ என்ன நெனக்கிற, கண்ணு?' கேள்வி கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். பதில் போட்டால் மத்தியானம் இன்னொன்று வரும். அதற்கும் போட்டால் சாயங்காலம் ஒன்று.

ஒருநாள் அவர் வீட்டு கேட்டிலேயே நிறுத்திச் சொல்லிப் பார்த்தேன்.

"நெவ், ஒரு வார்த்தை போதும். 'இருக்கேன்'னு போட்டா எனக்குப் புரிஞ்சிடும்."

"ஒரு வார்த்தையா? அந்தக் காலத்துல தந்தி குடுத்தா வார்த்தைக்கு இவ்ளோன்னு காசு புடுங்குவீங்க. இது சும்மாதானே, கண்ணு?"

"எனக்கு வேலை இருக்குல்ல?"

"உனக்கென்ன வேலை, தபாலாபீஸையே மூடிட்டானுங்க," என்று சிரித்துவிட்டு ஒரு டஜன் முட்டையைக் கையில் திணித்தார். அந்த மனிதரிடம் கோபப்படவும் முடியாது.

அப்போதுதான் என் மெயிலில் ஒரு ஃபில்ட்டரைப் போட்டேன். வேலை ஒன்றுமில்லை. இந்த முகவரியிலிருந்து எது வந்தாலும் இன்பாக்ஸுக்குக் கொண்டுவராதே, படித்ததாகக் குறித்துவிடு, ஃபோல்டர் என்கிற தனி உறையில் போட்டு வை என்று சொல்லிவிட்டால் அது பாட்டுக்குச் செய்யும். கூடவே ஒரு பதிலையும் எழுதி வைத்தால் வந்தவுடன் அனுப்பிவிடும். நான் எழுதி வைத்தது இது: 'நன்றி நெவ். படிக்க சந்தோஷமா இருந்துச்சு. சீக்கிரம் பார்ப்போம். க்ளெனிஸ்.'

அவர் ஒருவருக்கு மட்டும்தான் அப்படிச் செய்தேன். தனிமை எல்லோருக்கும்தான் இருந்தது. அதை எழுத்தில் காட்டியவர் அவர் ஒருவர்தான், அதை என்னால் தினமும் பார்க்க முடியவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

முதலில் ராத்திரி ஒரு தடவை அந்த உறையைத் திறந்து, புதிதாக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். எப்போதும் வந்திருக்கும். எப்போதும் இருப்பதை எத்தனை நாள்தான் போய்ப் பார்ப்பது? பார்ப்பதை விட்டுவிட்டேன். ஆள் பதில் போடுகிறாரா இல்லையா என்று கவனிப்பதற்காகத்தான் அந்த வேலையே இருந்தது என்பதை நான் மறக்கவில்லை. நெவ் எழுதாமல் இருக்கமாட்டார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

குளிர்காலத்தில் வழக்கமாக நடக்கும் ஜூலைக் கிறிஸ்துமஸ் விருந்தில் எல்லோரும் வறுத்த இறைச்சியும் குழம்புமாக உட்கார்ந்திருந்தபோது நெவ் கண்ணாடி டம்ளரைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"ஒரு விஷயம் சொல்லணும். இந்தப் பொண்ணு க்ளெனிஸ் இருக்காளே, நான் அனுப்பிட்டு விரலை எடுக்கல, அதுக்குள்ள பதில் வந்து நிக்குது. நான் பெத்த பொண்ணு கூட இப்படிப் பண்ணல."

"ஏன் நெவ், அவ கம்ப்யூட்டர் உள்ளயே குடித்தனம் பண்றாளா?" என்று யாரோ கேட்டார்கள். ஹாலே சிரித்தது. கை தட்டினார்கள். நான் எழுந்து தலையைக் குனிந்தேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பெற்ற பொண்ணு ரெய்லீனும் அப்போது அங்கேதான் இருந்தாள். ஜீலாங் நகரத்திலிருந்து அவரைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருந்தாள். விருந்து முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் இரண்டு பேருக்கும் பெரிய சண்டை.

"இங்க விழுந்து கெடந்தா நாய் கூட எட்டிப் பாக்காதுப்பா!"

"எனக்கு க்ளெனிஸ் இருக்கா. நீ உன் வேலையப் பாரு."

அதற்கப்புறம் அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. அவள் முதலில் கூப்பிடட்டும் என்று அவரும், அவர் கூப்பிடட்டும் என்று அவளும் இருந்துவிட்டார்கள். அன்று ராத்திரியே அந்த ஃபில்ட்டரை எடுத்திருக்கலாம். எடுத்தால் பதில் தாமதமாகும், ஏன் என்று கேட்பார், என்ன சொல்வது என்று தெரியவில்லை. அதனால் விட்டுவிட்டேன்.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை ஹாலில் கேக் விற்பனை. முட்டை நெவ் தருவதாக இருந்தது. வரவில்லை. நான் முணுமுணுத்துக்கொண்டேதான் காரை எடுத்தேன்.

கதவு பூட்டவில்லை, அங்கே யாரும் பூட்டுவதில்லை. படுக்கையறையில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே தரையில் கிடந்தார். போர்வையைப் பாதி இழுத்துப் போர்த்தியிருந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது. டேப்லெட் கைக்குக் கீழே இருந்தது, சார்ஜர் வயரைப் பிடித்து இழுத்துக் கட்டிலிலிருந்து இறக்கியிருக்கிறார். நான் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு சமையலறைக்குப் போய்ச் சுவர் போனிலிருந்து உங்களைக் கூப்பிட்டேன். அந்த வரிசையில்தான் செய்தேன். அது குழுவின் சொத்து, திருப்பி எடுத்துக்கொள்வது என் பொறுப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்துதான் அந்த உறையைத் திறந்தேன்.

திங்கட்கிழமை காலை என்னுடைய 'இருக்கீங்களா?' வழக்கம்போல் போயிருக்கிறது. அவர் பதில் போட்டிருக்கிறார். 'கண்ணு, வழுக்கி உக்காந்துட்டேன். இடுப்பு கொஞ்சம் மக்கர் பண்ணுது. அவசரமெல்லாம் இல்ல. இந்தப் பக்கம் வந்தா ஒரு எட்டு பாத்துட்டுப் போ.' எங்கள் ஊர் மனிதர்கள் அப்படித்தான். கால் முறிந்தாலும் அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூசுவார்கள். அதற்குக் கீழேயே என் பதில்: 'நன்றி நெவ். படிக்க சந்தோஷமா இருந்துச்சு. சீக்கிரம் பார்ப்போம்.'

அடுத்தது. 'நீ வர்றதா இருந்தா சரி. இல்லேன்னா சொல்லிடு, தவழ்ந்து சமையக்கட்டு போன் வரைக்கும் போய்ப் பாக்கறேன். கொஞ்சம் வலிக்கும், ஆனா போயிடுவேன்.' என் பதில்: 'சீக்கிரம் பார்ப்போம்.'

அதற்கு அவர், 'நல்லதாப் போச்சு. அப்ப அசையாமக் கெடக்கேன். வரும்போது கோழிக்குத் தீனி போட்டுட்டு வா.' படிக்க சந்தோஷமாக இருந்தது என்று அதற்கும் சொல்லியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை மறுபடியும் 'இருக்கீங்களா?' என்று கேட்டிருக்கிறேன். 'இருக்கேன். உன் வண்டி கிண்டி கெட்டுப்போச்சா? ரொம்பக் குளிருது' என்று எழுதியிருக்கிறார். அதன்பிறகு தவழ்ந்து பார்த்தேன், கட்டில் காலைத் தாண்ட முடியவில்லை, நேற்றே முயன்றிருக்க வேண்டும் என்று ஒன்று. தண்ணீர் பற்றி ஒன்று. எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லியிருக்கிறேன்.

புதன்கிழமை ஒரே வரி. 'இது நீ இல்லையோ, கண்ணு?'

'நன்றி நெவ்' என்று அதற்கும் பதில் போயிருந்தது.

யாரும் படிக்கவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தபிறகும் ஒன்று எழுதியிருந்தார். 'யாராச்சும் என்னைக்காவது படிப்பீங்க. ரெய்லீன் கிட்ட சொல்லிடுங்க, அவ சொன்னதுதான் சரி. என் வீம்புதான். அவமேல எனக்கு ஒரு கோவமும் இல்ல.' இன்னும் இரண்டு மூன்று வரி இருந்தது. அவள் சின்ன வயதில் செய்த ஏதோ ஒன்றைச் சொல்லி, அவளை ஒரு செல்லப் பெயர் வைத்துக் கூப்பிட்டிருந்தார். அந்தப் பெயரை நினைவுபடுத்திப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது.

அவருடைய எழுத்தை மட்டும் தனியாக எடுத்து யாரிடமும் காட்ட முடியாது, கான்ஸ்டபிள். ஒவ்வொன்றின் அடியிலும் என் பதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் கணக்கிலும் என் கணக்கிலும் இருந்த எல்லாவற்றையும் அழித்தேன். ஃபில்ட்டரை எடுத்தேன். டேப்லெட்டைத் துடைத்துப் புதிதாக்கி, பட்டியலில் புதிதாகச் சேர்ந்த டாட் மெக்கின்னனிடம் கொடுத்தேன். "பரவால்லயே, புதுசு மாதிரியே இருக்கே" என்றாள்.

நீங்கள் கேட்டபோது, திங்கட்கிழமையிலிருந்து அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை, கோழி வேலையாக இருப்பார் என்று அசட்டையாக இருந்துவிட்டேன் என்றேன். சின்னத் தப்பை ஒத்துக்கொண்டால் பெரிய தப்பை யாரும் தேடமாட்டார்கள். நீங்களும் தேடவில்லை. "சம்பளமில்லாம செய்யற வேலை, மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனீர்கள்.

ஆனால் ரெய்லீன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். வேலைக்குப் போகாமல் அப்பா வீட்டிலேயே தங்கிவிட்டாள். என் சமையலறைக்கு வந்து உட்காருவாள். வற்றிப்போய்விட்டாள், தோள்பட்டை எலும்பு தெரிகிறது.

"அப்பாகிட்டதான் டேப்லெட் இருந்துச்சே, க்ளெனிஸ். ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். ஏன் எழுதல?"

"தெரியலம்மா."

"நாய் கூட எட்டிப் பாக்காதுன்னு சொன்னேன்ல? அந்த ரோஷம். என் வாயில வந்த வார்த்தைக்காக, யாரையும் கூப்பிடாமக் கெடந்து செத்துட்டாரு. நான்தான் கொன்னேன்."

"அப்படியெல்லாம் பேசாதம்மா."

"ஒண்ணுமே எழுதலயா? கடைசியா? என்னப் பத்தி ஒரு வரி?"

"ஒண்ணும் வரலம்மா," என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். ஊரில் அவளுக்கு ஆறுதலாக இருப்பது நான் ஒருத்திதான் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவின் தூக்க மாத்திரைப் புட்டியைக் கைப்பையில் வைத்திருந்ததைப் பார்த்தேன். நான் அதை எடுத்து வைத்துக்கொண்டேன். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. அவள் அப்பா அவளை மன்னித்துவிட்டார் என்பது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். நீங்கள் எழுதிக்கொண்டு அவளிடம் சொல்லுங்கள். நான் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்வதாக நினைப்பாள்.

நீங்கள் என்ன கேட்கப்போகிறீர்கள் என்று தெரிகிறது. அவர் எழுதியதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பாள், அந்தச் செல்லப் பெயரைக் கேட்பாள். அது இல்லாமல் அவள் நம்புவாளா என்று எனக்கும் தெரியவில்லை. அழித்த மெயில் உடனே போய்விடாது, கான்ஸ்டபிள். குப்பைத் தொட்டியில் ஒரு மாதம் கிடக்கும். ஒரு பொத்தானைத் தட்டினால் அப்படியே திரும்பி வந்துவிடும். ரெய்லீன் என் சமையலறையில் அழுத நாளெல்லாம் அது பக்கத்து அறையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, அந்தப் புட்டியைப் பார்த்தபோதும் இருந்தது.

நேற்றுவரை இருந்தது. அது போகட்டும் என்றுதான் உண்மையைச் சொல்ல இன்றுவரை காத்திருந்தேன்.