தொழுவத்துச் சேலை

— கயித்த விடுளா கிளாடிசு! இப்பிடி இழுத்தா அது மெரளாம என்ன செய்யும்?

— எம் மாட்டை நான் இழுக்கேன், சீனியக்கா. ஜூலி! ஏ ஜூலி! இங்க பாரு, அம்மா வந்திருக்கேன்.

— ஜூலின்னா அதுக்கு எங்க தெரியும்? செவத்தின்னு கூப்பிடணும். ஏ செவத்தி... பாத்தியா, காதை ஆட்டிக்கிட்டு எங்கிட்ட வாரதை!

— பேரை மாத்த ஒங்கள யாரு சொன்னா? லைன் வீட்டுல கட்ட எடமில்லன்னு வாரத்துக்குத்தான விட்டேன், வித்துட்டா போனேன்? மாடு எனக்கு, இங்கன போடுற கன்னு ஒங்களுக்குன்னுதான பேச்சு? அன்னா நிக்குல்லா ஒங்க கன்னு. இனி தாயை நான் ஏத்திட்டுப் போறேன்.

— போ. யாரு மறிச்சா? முத்தையாபுரத்துல லாரி சத்தத்துக்குள்ள கட்டிப்போடு. கொற்கையில கெடைக்கிற பச்சைப்புல்லு அங்கன கெடைக்குமா?

— இப்ப சொந்த வீடுக்கா. அவுகளுக்கு ஹார்பர்ல கிரேன் வேலை நெரந்தரமாயிட்டு. பின்னால ஷெட்டு போட்டு, மாட்டுக்கு ஃபேன் மாட்டியாச்சு.

— மாட்டுக்கு ஃபேனா! எம் புருசனுக்கே நான் மாட்டல.

— அதான் தெரியுதே நீங்க பாக்குற லெட்சணம். கழுத்தச் சுத்தித் தழும்பு. இப்பிடியா பாப்பிய வாயில்லாச் சீவன?

— அந்தத் தழும்பு ஏன் வந்துச்சுன்னு தெரியுமா ஒனக்கு?

— எப்பிடியோ வந்துச்சு. ஒங்களுக்குப் பாலு மேலதான கண்ணு.

— யம்மா, பேசி முடிச்சியளா? மாடு ஏற வண்டியில பலகைய எறக்கி வச்சு எம்புட்டு நேரமாச்சு! மத்தியானம் ஹார்பர்ல எனக்கு லோடு நிக்கு.

— பொறுங்க லிங்கராஜண்ணாச்சி. ஒரு வேளை எங்கையால கறந்துட்டு ஏத்துதேன். யக்கா, செம்பக் குடுங்க.

— வேண்டாம்ளா. ஒதைக்கும்.

— என்னையா? கன்னுக்குட்டியில இருந்து வளத்தவ நான். ஜூலி, என் தங்கம், கால அகட்டு... யேசுவே!

— சொன்னேன்லா! அடி பட்டிருச்சா?

— அடி கெடக்கட்டும். ஒரு சொட்டு எறக்கலியே! ஒங்களுக்கு மட்டும் எப்பிடி எறக்குது? ஊசி போடுதியளா?

— ஏளா, வார்த்தைய அளந்து பேசு!

— ஊசி போட்டுக் கறக்கவன் ஊருக்குள்ள இல்லாமலா இருக்கான்? எங்கிட்ட வராத மாடு ஒங்க சேலையப் பிடிச்சுக்கிட்டுத் திரியுதே, எனக்கு வயிறு எரியுதுக்கா. ஆமா, பொறாமைதான். இருந்துட்டுப் போட்டும்... அது சரி, ஒங்க மேல சுத்தியிருக்கது... அந்த ஊதாப் பூச்சேலை எனக்குள்ளதுல்லா?

— பழந்துணி. விடு.

— கரையில நான் போட்ட தையல் அப்பிடியே இருக்கு! மாட்டையும் மயக்கி, சேலையையும் எடுத்துக்கிட்டியளா?

— எடுக்கல. மாட்டைக் கொண்டுவந்த அன்னைக்கு, வழுக்கக்கூடாதுன்னு வண்டியில நீதான் விரிச்சுவிட்ட. மறந்துட்டியா? கன்னு தவறிப்போன மாடு. வந்து எட்டு நாளு ஒரு சொட்டு எறக்கல. ரோட்டுல வண்டிச் சத்தம் கேட்டா ஒன்னத் தேடிக் கயித்த அத்துகிட்டு ஓடும். தழும்பு அப்பிடி வந்ததுதான். பால்காரன் ஊசி போடச் சொன்னான், எனக்கு மனசு வரல. கடைசியில இந்தச் சேலையச் சுத்திக்கிட்டு உக்காந்தேன். மோந்து பாத்துச்சு. என் தோளை நக்குச்சு. பூராத்தையும் எறக்கிருச்சு.

— அன்னையில இருந்து இதைச் சுத்திக்கிட்டா கறக்கிய?

— ஒன்றரை வருசமா. இங்க கன்னு போட்ட பெறகும் அதே பழக்கம். கன்னை ஊட்ட விடும், சேலை இல்லாம என்னைத் தொட விடாது. கறந்து முடிச்சதும் அந்த ஆணியில மாட்டிருவேன். துவைச்சா ஒன் வாடை போயிருமேன்னு தண்ணியே காட்டல. நீ இன்னைக்கு சென்ட்டும் பவுடருமா வந்து நிக்க, அதான் ஒதைச்சிருச்சு.

— அப்ப செவத்தின்னு கூப்பிட்டதும் வந்துச்சே?

— பேருக்கா வந்துச்சு? சேலைக்கு வந்துச்சு. புல்லறுத்தவ நான், புண்ணுக்கு மஞ்ச அப்பினவ நான். அது பாலு எறக்குனது மட்டும் ஒன் வாடைக்கு. நீ வயிறு எரியுதுங்க, எனக்கு எப்பிடி எரிஞ்சிருக்கும்? நீ வாரேன்னு போன் பண்ணதும் காலையிலயே சுத்திக்கிட்டேன். ஒன் கண்ணு முன்னால ஒருநாளாவது அது எம் மாடா நிக்கட்டும்னுதான்.

— யக்கா...

— இந்தா, பிடி ஒன் சேலைய. சுத்திக்கிட்டுக் கூப்பிடு, பைய பின்னால வந்து ஏறிரும். கொண்டு போ... என்னளா, மூக்குல வச்சுக்கிட்டு நிக்க? நாத்தமடிக்கா?

— லிங்கராஜண்ணாச்சி, பலகைய எடுத்து வண்டிக்குள்ள போடுங்க.

— அப்ப மாட்டை ஏத்தலியாம்மா?

— ஏத்தல. சீனியக்கா, இதுல என் வாடை எங்க இருக்கு? பூராம் ஒங்க வேர்வைல்லா!