ப்ரீஆம்ப் இல்லாத பாட்டு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பேர்.

“வாப்பாவுக்குக் காது நல்லாத்தான் இருந்துருக்கு மச்சான்.”

“அப்புறம் எதுக்குக் காது மிஷின் மாட்டுனீங்க?”

“புது ஸ்பீக்கர் செட்டுல அவரோட ரெக்கார்டு பிளேயரை மாட்டிக் குடுத்தேன். பாட்டு சன்னமா கேக்குதுன்னாரு. டிவி அதுலதான் அலறுது, உங்களுக்குத்தான் வயசாயிடுச்சுன்னேன். மிஷின் மாட்டியும் அதையே சொன்னாரு. அப்புறம் சொல்றதையே விட்டுட்டாரு.”

“ம்.”

“அவரு மவுத்தாகி அடக்கம் பண்ணுனப்புறம், நேத்துதான் நானே போட்டுப் பாத்தேன். எனக்கும் சன்னமாத்தான் கேட்டுச்சு. விசாரிச்சா, பிளேயர்லேந்து வர்ற சத்தம் ரொம்பச் சின்னதாம். நடுவுல ப்ரீஆம்ப் வச்சுப் பெருசாக்கணுமாம். நான் வைக்கவே இல்ல.”

“வீட்டுல வேற யாருக்கும் தெரியலையா?”

பி.முட்லூரில் ஆள் ஏறி இறங்கி, பஸ் கிளம்பியது.

“அவரோட உக்காந்து யாரு மச்சான் பாட்டு கேட்டோம்?”