ஏழு ஐம்பதுக்கு அணைந்த படி விளக்கு

என் பெயர் மாதங்கி. வயது 49. கணவர் வெங்கட்ரமணன், பாதுகாப்பு ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை. ஹப்சிகுடா எட்டாம் தெரு அடுக்குமாடிக் கட்டடத்தில், முதல் மாடியில் பதினான்கு வருடமாகக் குடியிருக்கிறோம். 7.12.2010 காலை பதினொரு மணிக்கு நானாகவே காவல் நிலையம் வந்து, தமிழ் தெரிந்த தலைமைக் காவலர் லட்சுமணன் எழுத, இதைச் சொல்கிறேன்.

என் கணவர் ஒவ்வொரு அமாவாசையும் காலையில் தர்ப்பணம் செய்துவிட்டு, இரவு இரண்டு இட்லியோடு கேமராவை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவார். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைப் படம் எடுத்து, எத்தனை தெரிகிறது என்று நோட்டில் எழுதுவார். உப்பல் பக்கம் புதுக் கட்டடங்களும் விளக்குகளும் வந்தபின் ஆறு நாலாகி, நாலு மூன்றாகிவிட்டது என்று புலம்புவார். மொட்டை மாடி விளக்குக்கும் படி விளக்குகளுக்கும் கீழே மீட்டர் பெட்டியில் ஒரே ஃபியூஸ். பத்து நிமிஷம் அதை எடுத்துவிடேன் என்று என்னிடம் பல வருடமாகக் கேட்டார். "படி இருட்டாப் போனா யாராவது விழுவா, நம்ம தலையிலதான் வந்து விடியும்" என்று நான் மறுத்துவிட்டேன். அவரும் தானாக அதைத் தொட்டதில்லை.

நட்சத்திரத்துக்காகத்தான் போகிறார் என்று நான் நம்பவில்லை. இரண்டாம் மாடியில் தனியாக இருக்கும் நீலா, போன மாதம் படிக்கட்டில் நின்று அவரிடம் படங்களைக் காட்டச் சொன்னாள். அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அமாவாசை இரவில், ஆள் நடமாட்டமில்லாத மாடியில், ஒரு ஆம்பிளைக்கு என்ன வேலை?

5.12.2010 ஞாயிறு அமாவாசை. அவர் மேலே போனதும் கையும் களவுமாகப் பிடிக்க நினைத்தேன். விளக்கு எரிந்தால் என் நிழல் முன்னால் போய்க் காட்டிக்கொடுக்கும் என்று, ஏழு ஐம்பதுக்குக் கீழே போய் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன். அதன்பின் மொட்டை மாடியில் பார்த்தபோது அவர் தனியாக நின்று விநாடி எண்ணிக்கொண்டிருந்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலும் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. நீலா வெள்ளிக்கிழமையே சென்னைக்குப் போய்விட்டாள் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல், "வந்துட்டியா, அசையாத நில்லு, இன்னும் இருபது செகண்டு" என்றார்.

அதற்குள் கீழே சத்தம் கேட்டது. சர்ச்சிலிருந்து வந்த மூன்றாம் மாடி ரோஸ்லின் அக்கா இருட்டில் படி தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். என் கணவர்தான் ஆம்புலன்சில் கூடப் போனார். நான் பயந்து போய் ஃபியூஸ் கட்டையைப் பெருங்காய டப்பாவில் போட்டு மூடினேன்.

மறுநாள் அசோசியேஷன் செயலாளர் ராஜகோபால், விளக்கை அணைக்கச் சொல்லி என் கணவர் முன்பு தனக்கு எழுதிய நாலு கடிதங்களோடு புகார் கொடுத்தார். மாலை நாலு மணிக்குப் போலீசார் வீட்டைச் சோதித்து அந்த டப்பாவை எடுத்தார்கள். என் கணவர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நான்தான் எடுத்தேன்" என்றார். அவரைக் கைது செய்து கூட்டிப்போனார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கு நான் வெட்கப்படுகிறேன். இன்று கோர்ட்டில் நிறுத்தி ஜெயிலுக்கு அனுப்பினால், காவலில் நாற்பத்தெட்டு மணி நேரம் தாண்டிவிடும், அரசு விதிப்படி வேலையிலிருந்து இடைநீக்கம் செய்வார்கள். ஓய்வுக்கு இன்னும் பதினாலு மாதம்தான் இருக்கிறது.

நேற்று இரவு, நீலாவின் பெயர் எங்காவது இருக்குமா என்று அப்போதும் தேடித்தான் அவர் நோட்டைப் பிரித்தேன். கடைசிப் பக்கத்தை இத்துடன் ஒப்படைக்கிறேன். அதில் எழுதியிருப்பது: "7.50. விளக்கு அணைந்தது. எத்தனை வருஷமாகக் கேட்டேன், இன்றைக்கு மாதங்கி எனக்காகத் தானே போய் அணைத்திருக்கிறாள். ஆறும் தெரிகிறது."

ஃபியூஸைப் பிடுங்கியது நான். அவர் குற்றமற்றவர். இதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டாம் என்று கேட்டேன். அப்படிச் செய்ய முடியாது என்றார்கள். நான் கேட்டதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) வெ. மாதங்கி