ஈரலுக்கு இரண்டு வழி ரத்தம்

— காலை மடக்காதீங்க பெரியவரே! இப்பத்தான் தொடையிலேருந்து குழாயை உருவியிருக்கோம். மடக்குனா ரத்தம் பீச்சிக்கிட்டு வரும்.

— ஆந்தோங் ஊர்ல எங்க வீட்டுக்கு எவன் வந்தாலும் நான் படுத்துக்கிட்டுப் பேசினதில்ல, டாக்டரம்மா. உன்-சோக் அம்மா, அந்தத் தலகாணியை உயர்த்தி வை.

— வைக்க மாட்டேன். டாக்டர் சொல்றது காதுல விழலையா? கட்டுன பொண்டாட்டியைத்தான் மதிக்கிறதில்ல, வைத்தியம் பாக்குறவங்களையாவது மதிங்க.

— பாத்தீங்களா டாக்டரம்மா, தேகு பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு வந்ததும் வாய் முளைச்சிருச்சு இவளுக்கு.

— அம்மா சொல்றது சரிதான். மருந்து நல்லா இறங்கியிருக்கு, பெரியவரே. ஈரலுக்கு ரெண்டு வழியா ரத்தம் வருது. குடல்லேருந்து வர்ற பெரிய குழாய்தான் ஈரலுக்குச் சோறு போடுது. உங்க ஈரல்ல வளந்த புத்துக்கட்டி அந்தப் பக்கம் அவ்வளவா போறதில்ல. தமனியிலதான் வாயை வச்சு உறிஞ்சுது. அதான் தமனிக்குள்ளயே நுழைஞ்சு, கட்டி வாயிலயே மருந்தை ஊத்திட்டு, வழியையும் அடைச்சிட்டு வந்தோம்.

— பட்டினி போட்டுட்டீங்க. சபாஷ். அப்ப வீட்டுக்கு அனுப்புங்க. சூசொக் அறுவடைப் பண்டிகை வருது. தலைக்கட்டுக்காரன் நான்தான் முன்னோருக்குப் படையல் வைக்கணும்.

— பண்டிகைக்குப் போகலாம். ஆனா இது முடிவில்ல. அடைச்சா அது வேற கிளையைத் தேடிப் பிடிச்சுக்கும். உங்க ஈரல் முழுக்கக் காய்ஞ்சு கெட்டியாயிருச்சு, கட்டியை மட்டும் வெட்டவும் வழியில்ல. அது பெருக்காம பிடிச்சு வச்சிருக்கோம், அவ்வளவுதான். அதுக்குள்ள உங்க மகன் உன்-சோக் ஈரல்ல ஒரு பங்கை எடுத்து உங்களுக்கு வச்சுட்டா…

— அந்தப் பேச்சை எடுக்காதீங்கன்னு போன தடவையே சொன்னேன்.

— அவர் நேத்தே வந்து சோதனைக்கு ரத்தம் குடுத்துட்டுப் போயிட்டார்.

— யாரைக் கேட்டுக் குடுத்தான்?

— நாப்பத்திரண்டு வயசு அவனுக்கு. யாரைக் கேக்கணும்?

— நான் உங்கிட்டப் பேசல.

— எங்கிட்டப் பேசாம இருக்குறது உங்களுக்குப் புதுசா என்ன?

— ரெண்டு பேரும் கொஞ்சம் கேளுங்க. எல்லாம் பொருந்துது. அவர் ஓ வகை, நீங்க ஏபி. ஓ ஈரல் உங்களுக்கு ஒத்துக்கும்.

— உன்-சோக் அம்மா, வெளிய போய் உக்காரு.

— மாட்டேன்.

— போன்னு சொன்னேன்!

— இருபது வருஷமா முன்கட்டு அறையில தனியாப் படுத்தீங்க. ஏன்னு நீங்களும் சொல்லல, நானும் வந்து கெஞ்சல. இன்னைக்கு என்ன சொன்னாலும் என் முன்னாடி சொல்லுங்க.

— சரி, கேட்டுக்கோ. டாக்டரம்மா, நீங்களே கண்ணால பாத்துட்டீங்க. ஏபி அப்பனுக்கு ஓ பிள்ளை பொறக்காது. பள்ளிக்கூடத்துப் பொடிசுக்கும் தெரியும். அவன் பட்டாளத்துல இருந்தப்ப லீவுக்கு வந்தான், ரத்த வகை பொறிச்ச கழுத்துத் தகட்டுல அந்த ஓவைப் பாத்தேன். ஒரு வார்த்தை வெளிய விட்டேனா? பங்காளி எவனும் இந்த வீட்டைப் பாத்து விரல் நீட்டக் கூடாதுன்னு அவனையே தலைமகனா நிறுத்தினேன். இப்ப அவன் சதையை வாங்கிக்கிட்டா, வளத்ததுக்குக் கூலி வாங்கின மாதிரி ஆயிரும். வேண்டாம். நான் நிமிந்தே செத்துப் போறேன்.

— பெரியவரே… உங்க ரத்தத்தை ரெண்டு தடவை திருப்பிப் பாத்தாங்க. நீங்க சாதாரண ஏபி இல்ல.

— என்ன புதுக் கதை?

— மத்த ஏபிக்காரங்களுக்கு ஏ ஒருத்தர்கிட்டேருந்து வரும், பி இன்னொருத்தர்கிட்டேருந்து வரும். உங்களுக்கு ரெண்டும் ஒண்ணா ஒட்டி ஒரே ஆள்கிட்டேருந்து வந்திருக்கு. இன்னொருத்தர் குடுத்தது ஓ. நம்ம நாட்டுல அபூர்வமா சில குடும்பங்கள்ல இப்படி உண்டு. உங்களுக்கு ஓ பிள்ளை தாராளமாப் பொறக்கும். திசுப் பொருத்தமும் பாத்தாச்சு, சரிபாதி உங்களுது.

— சுத்தி வளைக்காம சொல்லுங்க.

— உன்-சோக் நீங்க பெத்த மகன்தான்.

— …உன்-சோக் அம்மா.

— எங்கயும் போகல. இங்கதான் நிக்கிறேன்.

— நான் வீட்டு மானத்துக்காக…

— வீட்டு மானமா? அந்த வீட்டுல என் மானத்துக்கு எந்த அறை குடுத்தீங்க?

— நீயாவது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— நீங்க எங்க கேட்டீங்க? கேக்காத கேள்விக்கு நான் எதைப் பதிலாச் சொல்ல?

— சரி விடு. விடு. டாக்டரம்மா, என் ரத்தம்னா எனக்கு என்ன கூச்சம்? அவனைக் கூப்பிடுங்க. நாளைக்கே வெட்டுங்க!

— இருங்க. உங்க ரத்தம்னு தெரிஞ்சதும் கை நீளுதாக்கும்? அவனுக்கு இந்தச் சேதி இன்னும் தெரியாது. அதே லீவுல எங்கிட்ட வந்து கேட்டான். உங்கப்பாவுக்குப் பொறந்தவன்தான்டா நீன்னு சத்தியம் பண்ணினேன், நம்பல. சந்தேகத்துல உங்களை அப்படியே உரிச்சு வச்சிருக்கான். உங்களுக்குப் பொறக்கலைன்னு நெனச்சுக்கிட்டேதான் நேத்து உங்களுக்கு ஈரலை அறுத்துக் குடுக்க வந்தான்.